ஒரு கரண்டி எவ்வளவு?

மும்பையில் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ தனியாக ஆலோசனை நடத்தும் டயட்டீஷியனிடம் முதல்முறை போகிறவர்கள், கையில் ஒரு டயட் சார்ட்டோடு திரும்பலாம் என்றுதான் போகிறார்கள். நல்ல டயட்டீஷியன் அதை உடனே தரமாட்டார். நேற்று எழுந்தது முதல் படுத்தது வரை என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பார். சாதம் எத்தனை கரண்டி? எந்தக் கரண்டி? சாம்பாரில் பருப்பு தெரிந்ததா, தண்ணீராக ஓடியதா? கட்டிங் சாய் எத்தனை, ஒவ்வொன்றிலும் எவ்வளவு சர்க்கரை? மாதத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய், சாப்பிடுவோர் எத்தனை பேர்?

துருவித் துருவிக் கேட்பதற்குக் காரணம் உண்டு. சாப்பிட்டதைக் குறைத்துச் சொல்வது மனித இயல்பு. பொய் சொல்லும் எண்ணமே இல்லாமல் குறைத்துச் சொல்கிறோம். அதனால்தான் சிலர் மேசையில் கிண்ணங்களையும் கரண்டிகளையும் பரப்பி, இதில் எது உங்கள் அளவு என்று காட்டச் சொல்கிறார்கள். 100 கிராம் சாதத்தில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து. கரண்டி மாறினால் கணக்கே மாறிவிடும்.

நம் உடம்பின் கணக்கும் தனி. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யட்கினும் 2004-இல் 'லான்செட்' இதழில் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. இருவருக்கும் 22.3. ஆனால் யட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடலில் 21.2. பார்வைக்கு மெலிந்த இந்தியருக்கும் உள்ளே கொழுப்பு சேர்ந்திருக்கலாம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. எடை மெஷினை மட்டும் பார்த்து ஆலோசனை சொல்பவரை நான் நம்பமாட்டேன். இடுப்பை அளக்க வேண்டும்: இந்தியர்களுக்கு ஆண் என்றால் 90 செ.மீ., பெண் என்றால் 80 செ.மீ. எல்லை.

அதற்காகச் சாதத்தையே விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். சென்னையில் ஏ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை வைத்து ஆய்வு நடத்தி 2006-இல் முடிவை வெளியிட்டது. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 3 ஆண்டுகளில் 55 சதவீதத்தினருக்கு நோய் வந்தது. உணவு, நடைப் பழக்கங்களை மாற்றத் தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களில் 39.3 சதவீதம். இங்கே 'தொடர்ந்து' என்பதுதான் முக்கியம். ஒரே ஒருநாள் போய் வாங்கி வரும் சார்ட்டால் இது நடக்காது. சாப்பிடும் வரிசைகூட உதவும்: காயையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டு, மாவுச்சத்தைக் கடைசியில் சாப்பிட்டால் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறுவது குறைகிறது என்று 2015-இல் நியூயார்க்கில் நடந்த ஒரு சிறிய ஆய்வு காட்டியது. அப்படியானால் கூட்டையும் சுண்டலையும் முதலில் முடித்துவிட்டுச் சாதத்துக்கு வரலாம். செலவே இல்லாத மாற்றம்.

ஆலோசனைக் கட்டணம் கொடுக்கும் முன் ஒன்றைக் கேளுங்கள்: நீங்கள் பதிவுபெற்ற டயட்டீஷியனா? 1963-இல் தொடங்கிய இந்திய டயட்டெடிக் சங்கம், உரிய படிப்பும் மருத்துவமனைப் பயிற்சியும் முடித்தவர்களுக்குத் தேர்வு வைத்து 'ஆர்.டி.' தகுதி தருகிறது. சில வாரச் சான்றிதழோடு புரதப் பவுடர் விற்பவரிடம் சிறுநீரக நோயாளி சிக்கிக்கொண்டால் ஆபத்து. அவருக்கு இளநீரின் பொட்டாசியமே கேடாகலாம். புரதத்தையும் அளந்துதான் தர வேண்டும்.

தாராவியில் நிலைமை வேறு. சமைக்க நேரமில்லாமல் வடாபாவில் பசியாறுபவரும், எடை ஏறாத குழந்தையும் ஒரே குடிசையில் இருக்கலாம். பக்கத்திலுள்ள சயான் மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகள் பிரிவை நடத்திய டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் 1989-இல் அங்கே தாய்ப்பால் வங்கி அமைத்தார். 1999-இல் 'ஸ்நேகா' அமைப்பைத் தொடங்கினார். அதன் பணியாளர்கள் தாராவிச் சந்துகளில் வீடு வீடாகப் போய்க் குழந்தைகளை எடை போட்டு, தாய்மாரோடு உட்கார்ந்து பேசினார்கள். மாட்டுங்காவில் காசு கொடுத்துப் பெறும் அதே விசாரணை, அதே பொறுமை. பெரிய மாநகராட்சி மருத்துவமனைகளிலும் டயட்டீஷியன்கள் இருக்கிறார்கள். சர்க்கரை மாத்திரை எழுதித் தரும் மருத்துவரிடம், அவர்களைப் பார்க்கவும் ஒரு சீட்டு எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். போகும்போது வீட்டில் சாதம் பரிமாறும் கரண்டியையும் எடுத்துப் போங்கள்.