ஜீப்பின் வில்லுத் தகடு தேய்ந்தால்

2006இல் சம்பூரை விட்டு இடம்பெயர்ந்தோரில் பலர் 2015, 2016இல் தம் காணிகளுக்குத் திரும்பினர். வயற்பாதையில் விதைநெல்லும் பிள்ளைகளும் ஏறிவரும் பழைய லாண்ட்ரோவரின் வில்லுத் தகடுகள் தொய்ந்தால் வண்டி ஒருபக்கம் சாயும்.

மாற்றும்போது ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். சட்டத்துக்கு உறுதியான முண்டு கொடுங்கள். இருபக்க வில்லுகளையும் சேர்த்தே மாற்றுங்கள். சாரதிப் பக்க வில்லுக்கு வளைவு அதிகம்; பக்கம் மாற்றிப் பூட்டாதீர்கள். யூ போல்டுகளைப் புதிதாகப் போடுங்கள். சில நாள் ஓடியபின் மறுபடி இறுக்குங்கள். புஷ் போல்டுகளை, வண்டியின் பாரம் சக்கரத்தில் நின்ற பின்னரே முற்றாக இறுக்குங்கள்.

வெள்ளத்துக்குப் பயந்து வண்டியை மிக உயர்த்தினால் பிரேக் குழாய் இழுபடும், சுழல்தண்டின் மூட்டுத் தேயும், பாரமேற்றிய வண்டி வரம்போரத்தில் எளிதில் கவிழும். தொய்வினால் இழந்த உயரத்தைப் புதிய வில்லே மீட்டுத் தரும். அதுவே போதும்.