உங்களுக்குத் தெரியுமா? – நாலாயிரம் பாசுரம், ஒரே பக்கம்

நவதிருப்பதிகளில் முதலாவது ஸ்ரீவைகுண்டம். தாமிரபரணி ஆற்றோடு கொஞ்சம் கீழே போனால் நம்மாழ்வாரின் ஆழ்வார்திருநகரி. இந்தப் பக்கத்துக்காரர் ஒருவர் நாலாயிர திவ்வியப் பிரபந்தத்தைச் செல்போனில் தள்ளித் தள்ளிப் படிக்கும்படி ஒரே இணையப் பக்கமாக்கினால்?

● எண், நாலு வரி என்று பாசுரத்துக்கு ஐந்து உறுப்புகள் வைத்தாலே 20,000 ஆகிவிடும். இணையப் பக்கங்களைச் சோதிக்கும் கூகுளின் லைட்ஹவுஸ் கருவி வகுத்த கணக்கில், ஒரு பக்கத்தின் உறுப்புகள் 1,400-ஐத் தாண்டினாலே அதிகம்!

● திரையில் தெரிவது ஐந்து பாசுரம்தான். மேலும் கீழும் ஐந்தைந்து கைவசம் இருந்தால் 15 போதும். மற்ற 3,985-க்கும் வெற்றிடம் மட்டும். இதுதான் ‘விர்ச்சுவல் ஸ்க்ரோலிங்’. ஓலைச்சுவடியிலும் கண்ணுக்கு ஓர் ஏடு, மற்றவை கட்டுக்குள்!

● கல்யாணப் பந்தியில் இடம் அதேதான், ஆள்தான் மாறும். 2014-இல் ஆண்ட்ராய்டுக்கு வந்த, பட்டியல் காட்டும் ‘ரீசைக்ளர்வியூ’வும் அப்படியே: மேலே மறைந்த வரியின் பெட்டியில் கீழே வரும் வரி உட்காரும்.

● திரை நொடிக்கு 60 முறை மாறினால், ஒரு முறைக்குக் கிடைப்பது 16.7 மில்லிநொடி. அதற்குள் வேலை முடியாவிட்டால் பட்டியல் திக்கும்.

● நம்மாழ்வாரின் திருவாய்மொழிப் பாசுரம் பெரும்பாலும் நாலே வரி. திருமங்கையாழ்வாரின் பெரிய திருமடலோ நீண்டுகொண்டே போகும். உயரம் தெரியாத பாசுரத்தை நிரல் முதலில் குத்துமதிப்பாக வைத்து, திரைக்கு வந்ததும் அளந்து திருத்தும். மதிப்பு தவறினால் உருள்பட்டை துள்ளும்.

● வெற்றிடத்துக்கும் எல்லை உண்டு: குரோமில் ஓர் உறுப்பின் உயரம் சுமார் 3.35 கோடி பிக்சலைத் தாண்டாது. வரிக்கு 40 பிக்சல் என்றால், சுமார் 8.38 லட்சம் வரியோடு இடம் தீர்ந்தது.

● திருவாய்மொழியில் பதிகந்தோறும் முத்திரையாக வரும் ‘குருகூர்’ (ஆழ்வார்திருநகரிதான்) என்ற சொல்லைக் கணினியில் கன்ட்ரோல்-எஃப் தட்டித் தேடினால், வரையப்பட்ட 15-க்குள் மட்டுமே சிக்கும். வரைவதை மட்டும் தள்ளிப்போட்டு, தேடலைக் கெடுக்காத ‘கன்டென்ட்-விசிபிலிட்டி’ என்ற சிஎஸ்எஸ் பண்பு 2020-இல் குரோம் 85-இல் வந்தது.

● பார்வையற்றோரின் திரைவாசிப்பானுக்கு மொத்த எண்ணிக்கையைத் தனியே சொல்லாவிட்டால், பிரபந்தமே 15 பாசுரம்தான் என்று படித்துவிடும்.

● முடிவே இல்லாமல் உருளும் பக்கத்தை 2006-இல் வடிவமைத்த ஆசா ரஸ்கின், பின்னாளில் அதற்காக வருந்தினார். தாமிரபரணிக்கே ஸ்ரீவைகுண்டத்தில் கடைசி அணை உண்டே!