மனை என்ன விலைக்குப் போனது? வீட்டிலிருந்தே பார்க்கலாம்

கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்றுவிட்டீர்கள். மெயில் பார்க்கவும் பாட்டு கேட்கவும் பழகியாகிவிட்டது. இனி, பல லட்சம் ரூபாய் சம்பந்தப்பட்ட ஒரு வேலைக்கு அதைப் பயன்படுத்துவோமா?

செங்கல்பட்டிலும், கோவளம் முதல் மாமல்லபுரம் வரையிலான கடற்கரைச் சாலையிலும் மனை தேடும் நண்பர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான். "பக்கத்து மனை இந்த விலைக்குப் போனதாகத் தரகர் சொல்கிறாரே, உண்மையா?" முன்பணம் கொடுக்கும் முன் இதை நாமே பார்த்துவிடலாம்.

தேடுதல் தளத்தில் 'தமிழ்நாடு பதிவுத்துறை' என டைப் செய்து தேடவும். முகவரி 'டாட் கவ் டாட் இன்' என முடியும் தளத்தை மட்டும் கிளிக் செய்திடவும். இதைத் தமிழிலேயே படிக்கலாம்.

வழிகாட்டி மதிப்பு: தெருப் பெயர் அல்லது சர்வே எண் கொடுத்தால் கிடைக்கும். முத்திரைத் தீர்வைக்காக அரசு நிர்ணயித்த மதிப்பு இது. சந்தை விலை அல்ல. 2017 ஜூனில் இது 33 சதவீதம் குறைக்கப்பட்டது. அதற்காக அன்று நிலத்தின் விலை மூன்றில் ஒரு பங்கு சரிந்துவிடவில்லை!

வில்லங்கச் சான்று: பழைய விற்பனை விலை இதில்தான் இருக்கிறது. 'மின்னணு சேவைகள்' பிரிவில் வில்லங்கச் சான்றைப் பார்வையிடும் வசதியைத் தேர்ந்தெடுக்கவும். சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்பவற்றைத் தரவும். பார்வையிடக் கட்டணம் இல்லை. பக்கத்து மனைகளின் சர்வே எண்ணையும் கொடுத்துப் பாருங்கள்.

பட்டியலில் 'கைமாற்றுத் தொகை' என்பது பத்திரத்தில் எழுதிய விலை. அதை மனையின் சதுர அடியால் வகுத்து ஒப்பிடவும். 24 லட்சத்துக்குப் போன 1,200 சதுர அடி மனை என்றால் சதுர அடி 2,000 ரூபாய்.

மூன்று எச்சரிக்கைகள். தான செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை போன்றவை விற்பனை அல்ல, அவற்றை விட்டுவிடவும். வழிகாட்டி மதிப்பை ஒட்டியே விலை எழுதும் வழக்கம் உண்டு என்பதால், கை மாறிய பணம் அதிகமாக இருந்திருக்கலாம். புதிய அடுக்குமாடி வீடுகளுக்கு, 2023 டிசம்பருக்கு முன் பெரும்பாலும் பிரிபடாத நிலப் பங்குக்கு மட்டுமே கிரையப் பத்திரம் எழுதினார்கள். அந்தத் தொகை முழு வீட்டின் விலை ஆகாது.

அடுத்து சொத்து வரி. அதிக விலை கொடுத்து வாங்கினால் வரியும் கூடும் என்று பலர் பயப்படுகிறார்கள். செங்கல்பட்டு போன்ற நகராட்சிகளில் வரியை முடிவு செய்வது கட்டடத்தின் பரப்பு, அது உள்ள பகுதி, பயன்பாடு, வயது ஆகியவையே. வாங்கிய விலை அல்ல.

எனவே கவனிக்க வேண்டியது பரப்பளவு. 2022 ஏப்ரலில் வரி உயர்ந்தபோது, குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதமும், 1,200 வரை 50 சதவீதமும், 1,800 வரை 75 சதவீதமும், அதற்கு மேல் 100 சதவீதமும் கூட்டினார்கள். 1,190 சதுர அடி வீடு பதிவேட்டில் 1,250 என்று இருந்தால், 50 சதவீத உயர்வு 75 ஆகிவிடும். நகராட்சி வரித் தளத்தில் உங்கள் வரி விதிப்பு எண்ணைக் கொடுத்து விவரத்தைப் பாருங்கள். கட்டட வரைபடத்துடன் ஒத்துப்போகாவிட்டால் எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள். நெம்மேலி, பட்டிபுலம் போன்ற கிராம ஊராட்சிகளின் வீட்டு வரிக்குத் தனித் தளம் உள்ளது.

ஒன்றை மறக்க வேண்டாம். வரி ரசீதில் பெயர் இருப்பதால் மட்டும் ஒருவர் உரிமையாளர் ஆகிவிட மாட்டார். வில்லங்கச் சான்றை பிடிஎஃப் பைலாக ஒரு போல்டரில் சேமித்து, பிரிண்ட் எடுத்து, மூலப் பத்திரத்துடன் ஒப்பிட்ட பிறகே முன்பணம் கொடுங்கள்.