பத்தாயிரம் வீட்டுக்கு எத்தனை?

போன மாசம் எங்கள் தெருவில் அடுத்தடுத்து நாலு வீட்டில் வாந்தி பேதி. "காத்தே சரியில்லேடி" என்றார் பக்கத்து வீட்டு மாமி. எனக்கு டாக்டர் ஜான் ஸ்னோ ஞாபகம் வந்தார்.

1854-ல் லண்டனில் காலரா. துர்நாற்றம்தான் காரணம் என்று பெரிய டாக்டர்களே நம்பிய காலம். "இல்லை, தண்ணீர்தான்" என்றார் ஸ்னோ. யார் கேட்டார்கள்?

தென் லண்டனில் ஒரே தெருவில் இரண்டு கம்பெனிகளின் குழாய்கள். இரண்டுமே தேம்ஸ் நதித் தண்ணீர். லாம்பெத் கம்பெனி 1852-லேயே நதியின் மேற்பக்கம், ஊர்ச் சாக்கடை கலக்காத இடத்துக்குப் போய்விட்டது. சதர்க்-வாக்ஸால் கம்பெனியோ கழிவு கலந்த பாட்டர்ஸீயிலேயே தண்ணீர் எடுத்தது. சாவு விழுந்த வீடுகளில் ஸ்னோ விசாரித்தால், எந்தக் கம்பெனித் தண்ணீர் என்று பலருக்குத் தெரியவில்லை! பாட்டர்ஸீ தண்ணீரில் உப்பு சுமார் 40 மடங்கு அதிகம். சில்வர் நைட்ரேட் விட்டால் பால் திரிந்த மாதிரி ஆகிவிடும். அதை வைத்தே கண்டுபிடித்தார்.

சதர்க் கம்பெனிக்கு வீடுகளே அதிகம். சாவும் அதிகம்தானே இருக்கும் என்று யாராவது சொல்லலாம் இல்லையா? அதனால் பத்தாயிரம் வீட்டுக்கு எத்தனை என்று வகுத்தார். சதர்க் 315, லாம்பெத் 37. தெரு ஒன்று, காற்றும் ஒன்று!

ராபர்ட் கோக் காலராக் கிருமியை உறுதி செய்தது 1884-ல். ஸ்னோ 1858-லேயே, 45 வயதில் போய்விட்டார்.

மாமியிடம் இதைச் சொன்னேன். "அப்ப அந்த நாலு வீட்டையும் கேட்டுடலாமா?" என்றார்.

"நல்லா இருக்கிற வீட்டையும் கேக்கணும், மாமி" என்று நோட்டை எடுத்தேன்.