பொட்டலத்தில் அச்சிடாத ஈரம்

காரைக்குடிப் பலகாரக் கடைகளில் இரண்டு வகைப் பண்டம் உண்டு. தேன்குழல், மணகோலம், சீப்புச் சீடை, மாவுருண்டை எல்லாம் வாய் ஒட்டிய பொட்டலங்களில் அடுக்கியிருக்கும். சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்குக் கூரியரில் அனுப்ப வாங்குவது இவற்றைத்தான். கந்தரப்பமும் வெள்ளைப் பணியாரமும் தட்டில் இருக்கும். அவை அன்றைக்கே, மிஞ்சினால் மறுநாளைக்குள் தின்ன வேண்டியவை. ஒன்று கடல் தாண்டுவதற்கும் மற்றொன்று தெருவைத் தாண்டாததற்கும் முதற்காரணம் உள்ளே நிற்கும் தண்ணீர்தான். பொட்டலத்தின் பின்பக்கம் புரதம், கொழுப்பு, கார்போஹைட்ரேட், சர்க்கரை, சோடியம் என்று வரி வரியாக இருக்கும். தண்ணீருக்கு மட்டும் வரி இல்லை.

ஆனால் அதைக் கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். 100 கிராமுக்கு எவ்வளவு என்று போட்டிருக்கும் புரதம், கொழுப்பு, கார்போஹைட்ரேட் மூன்றையும் கூட்டுங்கள். நூறிலிருந்து கழியுங்கள். மிச்சம் ஈரமும், உப்பு முதலிய தாதுக்களும். தாதுக்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று கிராமுக்கு மேல் போகாது என்பதால் மற்றதெல்லாம் தண்ணீர் என்றே கொள்ளலாம். நாலு பங்கு பச்சரிசி மாவும் ஒரு பங்கு உளுந்து மாவும் சேர்த்துப் பிழிந்த தேன்குழலில் 8 கிராம் புரதம், 30 கிராம் கொழுப்பு, 57 கிராம் கார்போஹைட்ரேட் என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 95. ஈரம் ஏறக்குறைய இல்லை. கலோரி 500-ஐத் தாண்டும்.

இதை ஓர் அயல்நாட்டுப் பண்டத்தோடு வைத்துப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளியும். அமெரிக்கர்கள் நவம்பர் மாத நன்றி நவிலும் நாளில் பம்ப்கின் பை சாப்பிடுவார்கள். பரங்கிக்காய் விழுதோடு முட்டை, பால், சர்க்கரை கலந்து, மைதா ஓட்டில் ஊற்றி அடுப்பில் சுடுவது. இன்று பலர் அதைக் கடையில்தான் வாங்குகிறார்கள். அமெரிக்க வேளாண் துறையின் சத்து அட்டவணைப்படி கடையில் விற்கும் அந்தப் பையில் 100 கிராமுக்குச் சுமார் 240 கிலோகலோரி, 4 கிராம் புரதம், 10 கிராம் கொழுப்பு, 35 கிராம் கார்போஹைட்ரேட். கூட்டினால் 49. ஏறக்குறைய பாதி தண்ணீர்! பார்க்க நெய் வழியும் விருந்துப் பண்டம் போல இருப்பது, எடைக்கு எடை நம் தேன்குழலில் பாதிக் கலோரிதான் தருகிறது. ஆனால் பையில் ஒரு துண்டே நூறு கிராமுக்கு மேல் வரும். தேன்குழல் ஒன்று அவ்வளவு கனக்காது. அதனால் 100 கிராம் கணக்கைப் பார்த்ததும் நாம் தின்னும் அளவு எவ்வளவு என்றும் பார்த்தாக வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பரங்கிக்காயின் மஞ்சளில் இருக்கும் பீட்டா கரோட்டின் உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறும். நம் பலகாரப் பொட்டலம் எதிலும் அது சொல்லும்படியாக இல்லை. அந்தச் சத்து செட்டிநாட்டு வீட்டில் பரங்கிக்காய்ப் புளிக்கறியாக மதியச் சாப்பாட்டில் வந்து சேர்கிறது. தாளித்த எண்ணெய் அதை உடம்பு ஏற்க உதவுகிறது.

ஆய்வகத்தில் இந்த எண்களை எப்படி எடுக்கிறார்கள்? முதலில் பண்டத்தைப் பொடித்து, அடுப்பில் காயவைத்து, எடை எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பார்கள். அதுதான் ஈரம். புரதத்துக்கு, டென்மார்க்கின் யோகான் கெல்டால் 1883-இல் வகுத்த முறையில் நைட்ரஜனை அளந்து, பொதுவாக 6.25-ஆல் பெருக்குவார்கள். கொழுப்பைக் கரைப்பானால் பிரித்தெடுப்பார்கள். சுட்டெரித்த சாம்பல் தாதுக்களின் அளவைச் சொல்லும். கார்போஹைட்ரேட்டை மட்டும் பெரும்பாலும் நேராக அளப்பதில்லை. ஈரம், புரதம், கொழுப்பு, சாம்பல் நான்கையும் நூறிலிருந்து கழித்தால் வருவதுதான் அது. ஆகவே நாம் மேலே போட்ட கணக்கு, ஆய்வகம் போட்ட அதே கணக்கைத் திருப்பிப் போடுவதுதான். கார்போஹைட்ரேட்டில் அடங்காமல் நார்ச்சத்தைத் தனியாகக் கொடுத்திருந்தால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் இந்த வேலையைச் செய்யும் தேசிய நிறுவனம் தொடங்கியது தமிழ்நாட்டில்தான் என்பது எனக்குப் பெருமை தரும் செய்தி. 1918-இல் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் பெரிபெரி நோயை ஆராய ஒரு சிறு பிரிவைத் தொடங்கினார். தீட்டிய அரிசியே கதி என்று இருந்தவர்களைத் தாக்கிய நோய் அது. பின்னர் அங்கு பணியாற்றிய ஏக்ராய்டு 1937-இல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை வெளியிட்டார். அந்த நிறுவனம் 1958-இல் ஐதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. 2017-இல் அது வெளியிட்ட அட்டவணையில் 528 உணவுப் பொருள்கள் உள்ளன.

இனி சட்டிக்கு வருவோம். பிழிந்த மாவு எண்ணெயில் விழுந்ததும் பொங்கும் நுரை, மாவிலிருந்த தண்ணீர் ஆவியாக வெளியேறுவது. ‘ஓசை அடங்கட்டும், அப்புறம் எடு’ என்று ஆச்சிமார் சொல்வது ஈரம் போய்விட்டதா என்று காதால் அளப்பதுதான். தண்ணீர் விட்டுப்போன நுண்துளைகளில் எண்ணெய் ஏறுகிறது. அதில் பெரும்பகுதி சட்டியில் இருக்கும்போது ஏறுவதில்லை. வெளியே எடுத்து ஆறும்போது உள்ளிருக்கும் ஆவி குளிர்ந்து சுருங்க, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆகவே சூடு ஆறுவதற்குள் எண்ணெயை நன்றாக வடித்துவிடுவது கொழுப்பைக் குறைக்கும் நேரடி வழி. மாவைத் தளரப் பிசைந்தாலும் எண்ணெய் அதிகம் குடிக்கும்.

மாவுருண்டைக்கு எண்ணெய்ச் சட்டியே வேண்டாம். வறுத்து அரைத்த பாசிப்பருப்பு மாவிலும் பொடித்த சர்க்கரையிலும் நெய்யைக் காய்ச்சி ஊற்றிப் பிடிப்பது. எடைக்கணக்கில் பருப்பும் சர்க்கரையும் 40, 40, நெய் 20 என்று கொண்டால் 100 கிராமில் 9 கிராமுக்குச் சற்று மேல் புரதம், 20 கிராம் கொழுப்பு, ஏறத்தாழ 480 கிலோகலோரி. 25 கிராம் உருண்டை ஒன்றில் சேர்த்த சர்க்கரை மட்டும் 10 கிராம். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் லேபிளுக்கு வைத்திருக்கும் நாள் கணக்கு 2000 கிலோகலோரி, 67 கிராம் கொழுப்பு, 22 கிராம் நிறைவுற்ற கொழுப்பு, 50 கிராம் சேர்த்த சர்க்கரை, 2000 மில்லிகிராம் சோடியம். ஆக, ஓர் உருண்டையிலேயே அன்றைய சர்க்கரையில் ஐந்தில் ஒரு பங்கு வந்துவிட்டது. பருப்பின் புரதத்தை நம்பி நாலு உருண்டை தின்பவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும்.

பொருள்களின் பட்டியலையும் படியுங்கள். எடையில் கூடியது முதலில் வர வேண்டும் என்பது விதி. நெய் என்று பெயரில் சொல்லிவிட்டு, பட்டியலில் வனஸ்பதியோ பாமாயிலோ முன்னால் நின்றால் எது எவ்வளவு என்று விளங்கிவிடும். எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு 2022 ஜனவரியில் நடப்புக்கு வந்தது.

தட்டிலிருக்கும் கந்தரப்பத்துக்கு இந்தப் பட்டியல் எதுவும் இருக்காது. பச்சரிசியும் பருப்புகளும் சேர்ந்தது என்பதால் அதன் புரதம் தரமானது. அரிசியில் குறைவான லைசினைப் பருப்பு ஈடுகட்டும். வெல்லம் தண்ணீரைக் கொஞ்சம் பிடித்து வைத்திருந்தாலும், தேங்காயும் மெத்தென்ற ஈரமும் சேர்வதால் அது நெடுநாள் தாங்காது. சில்லறையாக விற்கும் இனிப்புகளுக்கும் எந்தத் தேதிக்குள் தின்ன வேண்டும் என்று கடையில் எழுதி வைக்க 2020 அக்டோபர் 1 முதல் உத்தரவு உண்டு. எழுதியிருக்காவிட்டால் எப்போது சுட்டது, தேங்காய் போட்டதா என்று கேட்டு வாங்குங்கள். பொட்டலத் தேன்குழல் என்றால் வாயைப் பிரித்ததும் முகர்ந்து பாருங்கள். சிக்கு வாடை வந்தால், தேதி பாக்கி இருந்தாலும் அந்த எண்ணெய் கெட்டுவிட்டது.