எஞ்சினுக்கும் ஒரு சல்லடை

கம்மாபுரத்திலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையில், ஒரு வியாழக்கிழமை மாலை, எங்கள் மதரஸா வேன் நின்றுவிட்டது. உள்ளே பதினொரு பிள்ளைகள் இருந்தனர். ஓட்டுநரின் கண்ணெதிரே ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்ததாம். ‘இன்னும் சிறிது தூரந்தானே, போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று அவர் எண்ணிவிட்டார். அந்தச் சிறிது தூரத்திற்குள் எஞ்சின் இறுகி நின்றது. பிள்ளைகளை ஆட்டோக்களில் ஏற்றி வீடு சேர்க்க இஷா நேரம் ஆகிவிட்டது.

மறுநாள் மெக்கானிக் எஞ்சினைப் பிரித்தார். ஆயில் ஃபில்டரைக் கழற்றி, அதன் தகர ஓட்டை அறுத்துக் காட்டினார். உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்க வேண்டிய காகிதம் கூழாகிக் கிடந்தது. அதைத் தாங்க வேண்டிய நடுக்குழாய் நசுங்கியிருந்தது. அடைப்பு ஏற்பட்டால் திறந்துகொள்ள வேண்டிய வால்வு அதில் இல்லவே இல்லை. தகரத்தில் அதன் உருவம் மட்டும் அழுத்தப்பட்டிருந்தது. பெட்டியில் இருந்ததோ எல்லாரும் அறிந்த ஒரு நிறுவனத்தின் பெயர். பொருள் போலி.

அதை வாங்கி வந்தவன் நானேதான். வழக்கமான கடையில் கேட்ட விலையைவிட அறுபது ரூபாய் குறைவாகக் கிடைக்கிறதே என்று மகிழ்ந்து வாங்கினேன். எஞ்சினைச் சீர்செய்த செலவு முப்பதாயிரத்தைத் தாண்டியது. அது பிள்ளைகளின் கல்விக்கென ஊரார் நம்பி ஒப்படைத்த பணம், அமானத்தான பணம். கலைப் பட்டதாரியாகிய எனக்கு இயந்திரம் தெரியாது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள மனம் ஒப்பவில்லை. அதன்பின் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவற்றையே வாசக அன்பர்களாகிய உங்கள் முன் வைக்கிறேன். வாடகைக் காரோ, சொந்தக் காரோ, கடைச் சரக்கு ஏற்றும் சிறு வேனோ, உங்கள் குடும்பத்திலும் ஒரு வண்டி இருக்கக்கூடும்.

எண்ணெயில் அழுக்கு எங்கிருந்து வருகிறது?

எஞ்சினின் அடியில், மெக்கானிக்குகள் ‘சேம்பர்’ என்று அழைக்கும் தொட்டியில் எண்ணெய் தங்கியிருக்கிறது. ஒரு பம்ப் அதை உறிஞ்சி, முதலில் ஃபில்டருக்குள் செலுத்துகிறது. அங்கு வடிகட்டப்பட்ட எண்ணெய் நுண்ணிய வழிகளினூடே கிராங்க் ஷாப்டின் பேரிங்குகளுக்கும் மற்ற உறுப்புகளுக்கும் போய்ச் சேருகிறது. சுழலும் இரும்பும் அதைத் தாங்கும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. அவற்றுக்கிடையே மிக மெல்லிய எண்ணெய்ப் படலம் நிற்கிறது. பாரம் ஏறும்போது அதன் கனம் சில மைக்ரான்கள்தாம். மனிதத் தலைமுடியின் கனம் ஏறத்தாழ 70 மைக்ரான் என்றால், அந்தப் படலம் எத்துணை மெல்லியது என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

எரிபொருள் எரிவதால் உண்டாகும் கரி, உராய்வினால் உதிரும் உலோகத் துகள், காற்றோடு உள்ளே நுழையும் புழுதி ஆகிய மூன்றும் எண்ணெயில் கலக்கின்றன. விருத்தாசலம் வட்டாரத்தில் வாழும் நமக்கு மூன்றாவதைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. பீங்கான் தொழிலுக்கு வேண்டிய களிமண்ணும் ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் புழங்கும் ஊர் இது. அருகே நெய்வேலியின் நிலக்கரிச் சுரங்கங்கள் இருக்கின்றன. குவார்ட்ஸ் என்பது கண்ணாடியையே கீறவல்ல கடினக் கல். அதன் தூள் மென்மையான பேரிங் உலோகத்தில் பதிந்துகொண்டால், உப்புத்தாள் கொண்டு தேய்ப்பது போலக் கிராங்க் ஷாப்டைத் தேய்த்துவிடும். ஆகவே காற்றை வடிகட்டும் ஏர் ஃபில்டரும் எண்ணெயை வடிகட்டும் ஆயில் ஃபில்டரும் உடன்பிறப்புகள் போன்றவை. முன்னது கிழிந்திருந்தால் பின்னது எவ்வளவு உயர்ந்ததாக இருந்தும் பயனில்லை.

தொடக்க காலக் கார்களில் கம்பி வலையைத் தவிர வேறு வடிகட்டி இருக்கவில்லை. அமெரிக்காவில் 1923ஆம் ஆண்டு எர்னஸ்ட் ஸ்வீட்லேண்ட் என்பவர் உருவாக்கிய ‘ப்யூரோலேட்டர்’ தான் கார்களுக்கான ஆயில் ஃபில்டரின் தொடக்கம் எனலாம். அக்காலத்து ஃபில்டர்கள் எண்ணெயில் ஒரு பகுதியை மட்டுமே வடிகட்டின. முழு எண்ணெயும் வடிகட்டி வழியாகவே செல்லும் முறை பின்னர்தான் பரவியது. நம் நாட்டுப் பழைய அம்பாசடரில் ஒரு கிண்ணமும் அதனுள் மாற்றத்தக்க வடிகட்டியும் இருந்ததை மூத்தவர்கள் நினைவுகூர்வார்கள். 1983இல் வந்த மாருதி 800, தகர டப்பா போன்ற, முழுதாகக் கழற்றித் திருகி மாட்டும் ஃபில்டரை நடுத்தரக் குடும்பங்களுக்குப் பழக்கப்படுத்தியது. இன்றைய கார்கள் சிலவற்றில் மீண்டும் கிண்ண வகை வந்திருக்கிறது.

நல்ல ஃபில்டரின் இலக்கணம்

நம் வீடுகளில் இருந்த பழைய தண்ணீர் ஃபில்டரை நினைத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள பீங்கான் குழல் மிக நுண்ணிய துளைகள் கொண்டது, கிருமியையும் தடுத்துவிடும். ஆனால் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். தேநீர் வடிகட்டியிலோ நொடியில் இறங்கிவிடும். தூளும் சிறிது இறங்கும். எஞ்சின் ஃபில்டரின் சிக்கலும் இதுவே. நுண்மையாக வடிகட்ட வேண்டும்; எண்ணெய் தடையின்றி ஓடவும் வேண்டும்; பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அழுக்கை ஏந்திக்கொள்ளவும் வேண்டும். இம்மூன்றில் ஒன்றை மட்டும் பெரிதாக விளம்பரப்படுத்தும் பொருளிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

‘20 மைக்ரான் வரை வடிகட்டும்’ என்று பெட்டியில் எழுதியிருப்பதில் பொருளில்லை. 20 மைக்ரான் அளவுள்ள துகள்களில் நூற்றுக்கு எத்தனையைப் பிடிக்கும் என்பதே கேள்வி. நூற்றுக்கு 50ஐப் பிடிப்பதும் 95ஐப் பிடிப்பதும் ஒன்றாகுமா? இதை அளக்க ஐ.எஸ்.ஓ. 4548-12 என்னும் உலகத் தரச் சோதனை உள்ளது. நேர்மையான தயாரிப்பாளர்கள் இச்சோதனையின்படி மைக்ரானையும் விழுக்காட்டையும் சேர்த்தே சொல்வார்கள்.

வடிகட்டும் பொருள் பெரும்பாலும் பிசின் ஊட்டிய காகிதம். வழக்கமான ஓட்டத்திற்கு அது போதும். செயற்கை இழையும் கண்ணாடி இழையும் சேர்ந்தவை நீண்ட நாள் உழைக்கும், விலையும் கூடும். எண்ணெய் மாற்றும் இடைவெளி நீளமாக உள்ள வண்டிகளுக்கு அவை ஏற்றவை.

இதற்கடுத்து இரண்டு வால்வுகள். முதலாவது பைபாஸ் வால்வு. ஃபில்டர் அடைபட்டாலோ, குளிரில் எண்ணெய் தடித்திருந்தாலோ, இது திறந்து எண்ணெயை வடிகட்டாமலேயே எஞ்சினுக்கு அனுப்பும். அழுக்கு எண்ணெய் தீங்குதான்; ஆனால் எண்ணெயே இல்லாமை அதைவிடப் பெருந்தீங்கு. இந்த வால்வு எவ்வளவு அழுத்தத்தில் திறக்க வேண்டும் என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். சில எஞ்சின்களில் இது ஃபில்டருக்குள் இல்லாமல் எஞ்சினிலேயே அமைந்திருக்கும். எனவேதான் அளவு ஒத்திருக்கிறது என்பதற்காக ஒரு வண்டியின் ஃபில்டரை மற்றொன்றுக்கு மாட்டலாகாது. இரண்டாவது, எண்ணெய் திரும்பி வடிந்துவிடாமல் தடுக்கும் ரப்பர் இதழ். இது நைட்ரைல் ரப்பரில் இருந்தால் சூட்டில் நாளடைவில் விறைத்துப்போகலாம். சிலிக்கான் கூடுதலாகத் தாங்கும். காலையில் வண்டியைக் கிளப்பியதும் சில நொடிகள் ‘கடகட’ என்ற ஓசை கேட்டு, ஆயில் விளக்கும் தாமதமாக அணைந்தால், இந்த இதழ் பழுதாகியிருக்கக்கூடும்.

பந்தயத் திடலும் பஜார் வீதியும்

‘பந்தயக் காருக்குப் போடும் ஃபில்டரை நம் காருக்கும் போட்டால் என்ன?’ என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. இதற்கு விடை நம் தமிழகத்திலேயே இருக்கிறது.

சென்னையை அடுத்த சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பல்லாண்டுகள் கார்ப் பந்தயம் நடந்தது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் அதற்கெனவே தனித் திடல் அமைந்தது. கோவையைச் சேர்ந்த கரிவரதன், மாருதி 800இன் எஞ்சினைக் கொண்டே ‘ஃபார்முலா மாருதி’ என்னும் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை 1988இல் வடிவமைத்தார். 1995இல் அவர் விமான விபத்தில் மறைந்தார். கோவை செட்டிப்பாளையத்துப் பந்தயத் திடல் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதே கோவையின் நரேன் கார்த்திகேயன், 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். 2024இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றியுள்ள சாலைகளிலேயே இரவுப் பந்தயம் நடந்தது.

குடும்பத்தைச் சுமந்து கடைத்தெருவுக்குப் போன அதே வகை எஞ்சின், பந்தயத் திடலிலும் சீறியது. எஞ்சின் ஒன்றாயினும் அதன் வாழ்க்கை வேறு. பந்தயத்தில் எஞ்சின் உச்ச வேகத்திலேயே சுழல்கிறது, எண்ணெய் ஏராளமாகப் பாய வேண்டும், அழுத்தமும் மிகுதி. ஆகவே பந்தய ஃபில்டருக்குத் தடித்த ஓடு, அதிர்வில் கழலாதபடி கம்பி கட்டத் துளையிட்ட நட்டு, தடையற்ற ஓட்டம் ஆகியவை தேவை. அந்த ஓட்டத்திற்காகச் சிலவற்றில் வடிகட்டும் நுண்மையைக் குறைத்துக்கொள்வார்கள். அங்கே எண்ணெயையும் ஃபில்டரையும் அடிக்கடி மாற்றிவிடுவதால் அது பொருந்துகிறது. நம் வண்டியோ ஆண்டு முழுவதும் அதே எண்ணெயில் புழுதிச் சாலையில் ஓடுகிறது. நமக்கு வேண்டியது நுண்மையும் கொள்ளளவும். பந்தயத்திற்கு உரியது என்பதாலேயே ஒன்று வீட்டு வண்டிக்கு உயர்ந்ததாகிவிடாது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. வண்டியின் கையேட்டில் உள்ள பாக எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். ‘இதுவும் சேரும்’ என்ற வாய்ச்சொல்லை ஏற்காதீர்கள்.

2. மரையின் அளவைச் சரிபாருங்கள். 20 மில்லிமீட்டர் மரையும் முக்கால் அங்குல மரையும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும். முக்கால் அங்குலம் என்பது 19.05 மில்லிமீட்டர். மாற்றி மாட்டினால் முதலில் ஏறுவதுபோல் ஏறி, அழுத்தம் கூடியதும் பெயர்ந்துவிடக்கூடும்.

3. கார் தயாரிப்பாளரின் அங்கீகாரம் பெற்ற கடையில் வாங்குங்கள். அல்லது மான், மாலே, பாஷ் போன்ற, கார் நிறுவனங்களுக்கே பொருள் வழங்கும் தயாரிப்பாளர்களின் ஃபில்டரை அவர்களுடைய முகவரிடம் வாங்குங்கள். பில் கேட்டு வாங்குங்கள். பில் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

4. பெட்டியின் அச்சு, எழுத்துப்பிழை, தொகுதி எண் ஆகியவற்றைப் பாருங்கள். ஃபில்டரைக் கையில் எடுத்து, துளைகளின் வழியே உள்ளே நோக்குங்கள். ரப்பர் இதழ் தெரிய வேண்டும். பழையதைக் கழுவி வர்ணம் பூசி விற்பவரும் உண்டு. மரையில் தேய்மானமும் எண்ணெய் வாடையும் அதைக் காட்டிக்கொடுக்கும்.

5. வழக்கமான விலையைவிட மிகக் குறைவாக இருந்தால், அந்தக் குறைவு எங்கிருந்து வந்தது என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி அது.

மாட்டும்போது

எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஃபில்டரையும் மாற்றுவதே முறை. பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதன்மேல் புதியதை மாட்டினால் இரண்டு வளையங்களும் பிதுங்கி எண்ணெய் முழுதும் கொட்டிவிடும். புதிய வளையத்தில் விரலால் சிறிது எண்ணெய் தடவி, கையாலேயே திருக வேண்டும். வளையம் தொட்டபின் பொதுவாக முக்கால் சுற்று போதும்; ஃபில்டரின் மேல் அச்சிட்டிருக்கும் அளவே முடிவானது. கிளப்பியதும் ஆயில் விளக்கு அணைகிறதா, கசிவு உண்டா என்று நோக்கி, பின் எண்ணெய் அளவுக் கம்பியைப் பார்க்க வேண்டும்.

இன்றைய கார்கள் பலவற்றுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓர் ஆண்டு என்று குறிப்பிடுகிறார்கள். புழுதிச் சாலை, குறுந்தூர ஓட்டம், மிகு பாரம் ஆகியவற்றில் ஓடும் வண்டிக்கு அதைவிட முன்னதாகவே மாற்றும்படி கையேடுகள் கூறுகின்றன. கழற்றிய ஃபில்டரை நம்பிக்கையான மெக்கானிக்கைக் கொண்டு அறுத்துப் பாருங்கள். மடிப்புகளில் மினுமினுக்கும் உலோகத் தூள் மிகுதியாகத் தெரிந்தால், எஞ்சின் முன்கூட்டியே அனுப்பிய கடிதம் அது. கழிவு எண்ணெயைச் சாக்கடையிலோ வயலோரத்திலோ ஊற்றாதீர்கள். நிலத்தடி நீர் கெடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டி ஓட்டும் உங்கள் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் சகோதரர்களுக்கும் ஒன்றைச் சொல்லி வையுங்கள்: ஓடும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால், பாதுகாப்பான ஓரத்தில் உடனே நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். ‘இன்னும் சிறிது தூரந்தானே’ என்பது அந்த விளக்கிடம் சொல்லத்தக்க வார்த்தையன்று.

அறுத்த அந்தப் போலி ஃபில்டரை மதரஸாவின் ஜன்னலோரத்தில் வைத்திருக்கிறேன். பிள்ளைகள் கேட்கும்போது, அளவையிலும் தரத்திலும் மோசம் செய்வது எப்படியிருக்கும் என்பதற்கு அதைக் காட்டுகிறேன். விற்றவர் மட்டுமன்று, விலை குறைவைக் கண்டு விசாரிக்காமல் வாங்கியவரும் அதற்குப் பொறுப்பு என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அவ்வாறு வாங்கியவர் யார் என்று இதுவரை ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. கேட்டால் மறைக்க மாட்டேன்.