நிறுவனச் சமயம் மறையுமா?

சமுதாயத்தினின்று சமயம் ஒரு நாள் மறைந்துவிடுமா என்னும் வினா இன்று பலராலும் எழுப்பப்படுகிறது. இவ்வினாவில் இரு பொருள்கள் கலந்துள்ளன. ஒன்று, இறைவனைத் தேடும் மனித வேட்கை. மற்றொன்று, அவ்வேட்கைக்கு உருவம் தரும் அமைப்பு. அதாவது கூடும் இடம், பொறுப்பேற்கும் ஊழியர், கற்பிக்கும் முறை, இவற்றைத் தாங்கும் நிலமும் பொருளும். வேட்கை மறையுமா என்று தீர்ப்புக் கூறுதல் அரிது. அமைப்பைப் பற்றியோ வரலாற்றில் தெளிவான சான்றுகள் உள. அவற்றுள் ஒன்று தருமபுரியிலேயே இருக்கிறது.

தகடூர்ச் சமணப் பள்ளி

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். சங்க காலத்தில் அதியமான்கள் ஆண்ட இவ்வூர், 9ஆம் நூற்றாண்டில் நுளம்ப அரசர்களின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. சக ஆண்டு 815, அதாவது கி.பி. 893இல் பொறிக்கப்பட்ட மகேந்திர நுளம்பனின் கல்வெட்டு, நிதியண்ணன், சண்டியண்ணன் என்னும் வணிகக் குடிச் சகோதரர் இருவர் இங்கே சமணப் பள்ளி ஒன்றை எழுப்பியதைக் கூறுகிறது. அரசனிடமிருந்து பெற்ற ஓர் ஊரை நிதியண்ணன் அப்பள்ளியின் பராமரிப்புக்காகக் கனகசேன சித்தாந்த படாரர் என்னும் துறவியிடம் ஒப்புவித்தான்.

அமைப்புக்கு வேண்டிய யாவும் இங்கே இருந்தமையைக் கவனிக்க வேண்டும். கட்டடம் இருந்தது, கற்றறிந்த ஆசாரியர் இருந்தார், வணிகர் பொருளும் வேந்தன் ஆதரவும் நில வருவாயும் இருந்தன. எனினும் 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் நுளம்பபாடி சோழர் வசமாயிற்று. ஆதரித்த அரசு மறைந்தது. இன்று அப்பள்ளியில் வழிபாடு இல்லை, கல்வெட்டே எஞ்சியுள்ளது.

திருமலை கூறும் மறுமொழி

இதனால் தமிழகத்தில் சமணமே அழிந்தது என்று முடிவு கட்டுதல் தவறு. திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூரை அடுத்துள்ள திருமலையில் மற்றொரு கல்வெட்டு உண்டு. தகடூரை ஆண்ட விடுகாதழகிய பெருமாள் என்னும் அதியமான், தன் முன்னோனாகிய எழினி செய்வித்த இயக்கன், இயக்கி உருவங்களைப் புதுப்பித்து அம்மலையில் நிறுவியதை அது அறிவிக்கிறது. தகடூர்ப் பள்ளி ஓய்ந்துவிட்டது. தகடூர்த் தலைவன் கொடை வழங்கிய திருமலையிலோ வழிபாடு இன்றும் நடைபெறுகிறது. இவ்வேற்றுமைக்குக் காரணம் யாது?

திருமலையைச் சூழ்ந்த பகுதிகளிலும், ஆரணி, வந்தவாசி, செஞ்சி வட்டாரங்களிலும் தமிழ்ச் சமணர் ஊர் ஊராக வாழ்கின்றனர். இவர்களுள் பலர் வழிவழியாக உழவர். பொழுது சாய்ந்தபின் உண்ணாமை போன்ற நோன்புகளைப் பிள்ளைகள் அடுக்களையிலேயே கற்றுக்கொள்கின்றனர். செஞ்சிக்கு அருகிலுள்ள மேல்சித்தாமூர் மடம் இவ்வூர்களை ஒன்றுபடுத்துகிறது. இவர்கள் தொகை சிறிது; 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, வடநாட்டிலிருந்து வந்து குடியேறிய சமணரையும் சேர்த்தே தமிழ்நாட்டுச் சமணர் 89,265 பேர்தாம். எனினும் அரசர் ஆதரவு நின்று பல நூற்றாண்டுகள் கடந்த பின்னும் இவர்கள் நிலைத்துள்ளனர். வீடும் மடமும் ஒன்றையொன்று தாங்கியமையே இதற்கு முதன்மையான காரணம் எனலாம்.

தடையும் மறதியும்

பிற நாடுகளின் அனுபவமும் இதனோடு ஒத்திருக்கிறது. சோவியத் ஒன்றியத்தில் இருபது ஆண்டுக் கால நாத்திகப் பிரசாரத்துக்குப் பின் எடுக்கப்பட்ட 1937ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், 16 வயதும் அதற்கு மேலும் உடையோரில் பாதிக்கு மேற்பட்டோர் தம்மை விசுவாசிகள் என்றே பதிவு செய்தனர். அல்பேனியா 1967இல் எல்லா ஆலயங்களையும் மூடியது. 1990இல் மக்கள் மீண்டும் வெளிப்படையாக ஆராதிக்கலாயினர். ஆனால் எவரும் தடை விதிக்காத இங்கிலாந்திலும் வேல்சிலும், தம்மைக் கிறிஸ்தவர் என்போர் 2001இல் 71.7 விழுக்காடாக இருந்து 2021இல் 46.2 விழுக்காடாகக் குறைந்தனர். அமைப்புக்கு அரசின் தடையினும் பெற்றோரின் மௌனமே பெருங்கேடு என்பது இதனால் புலனாகும்.

நம் நாட்டில் சமயத்தை மறுத்து எழுந்த இயக்கமும் அமைப்பின்றி இயங்கவில்லை. 1925இல் தோன்றிய சுயமரியாதை இயக்கம் புரோகிதரற்ற திருமண முறையை வகுத்தது. தமிழ்நாட்டில் 1967ஆம் ஆண்டுச் சட்டம் அதனை ஏற்றது. பழைய சடங்கை விலக்கியோர்க்கும் கூடி வாழ ஒரு முறை தேவைப்பட்டது. எனவே ஓர் அமைப்பு மறையலாம். அமைப்பின் தேவை எளிதில் மறைவதில்லை.

திருச்சபைக்கு இதன் பொருள்

சேலத்தில் இலண்டன் மிஷனெரி சங்கம் 1827இல் ஊழியத்தைத் தொடங்கியது. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. 1966இல் அச்சங்கம் வேறோர் அமைப்பாக மாறித் தன் பழைய பெயரையும் விட்டது. அனுப்பிய சங்கம் அப்பெயரில் இன்று இல்லை; அது நட்ட சபைகள் உள்ளன. ஒரு தலைமுறையில் இன்றியமையாததாகத் தோன்றும் அமைப்பு மற்றொரு தலைமுறையில் மாறக்கூடும் என்பதற்கு நம் வரலாறே சாட்சி.

ஆயினும் இதில் ஆறுதல் மட்டும் கொண்டு அமைந்துவிடலாகாது. தருமபுரிப் பகுதியின் சிற்றூர்களிலிருந்து இளைஞர் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைப்புக்காகச் செல்கின்றனர். ஊரில் ஆலயம் நிற்கும். சபைச் சொத்தும் இருக்கும். ஆனால் முதியோர் மட்டுமே கூடும் ஆலயத்தில் அடுத்த தலைமுறைக்குக் கற்பிப்பார் யார்? கற்பார் யார்? தகடூர்ப் பள்ளிக்கும் ஓர் ஊரின் வருவாய் இருந்தது என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

நிலைபெற்ற சபைக்கு அடையாளம் அதன் சொத்துப் பதிவேடு அன்று. இல்லங்களில் நடைபெறும் வேதவாசிப்பும் ஜெபமும், தொழில் தேடிச் சென்ற பிள்ளைகளைப் பின்தொடரும் மேய்ப்புப் பணியுமே. சபை மக்கள் ஆண்டுக் கூட்டத்தில் கணக்கை ஆராயும்போது, எத்தனை வீடுகளில் பிள்ளைகள் விசுவாசத்தைக் கற்கின்றனர் என்பதையும் கேட்பார்களாக. நிறுவனச் சமயம் மறையுமா என்னும் பெரிய வினாவுக்கு, நம் அளவில், அக்கணக்கே விடை தரும்.